சபைக் கமிட்டியில் ஒரு விண்வெளிக் கிளர்ச்சி

நான் எழுதிய வாக்கியத்துக்கு ஒரு சபை முழுவதும் 'ஆமென்' சொல்லியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, வரிசையாக மூன்று தடவை. இந்தப் பாக்கியம் அருமனை வட்டாரத்தில் எந்தக் கவிஞருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. (கவிஞர்களுக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.) என்ன ஒரு சின்னக் குறை என்றால், அந்த வாக்கியங்களை நான் சபைக்காக எழுதவில்லை. ஒரு வீடியோ கேமுக்காக எழுதினேன்.

அப்போது நான் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வேலை போக மிச்ச நேரத்தில் உருவாக்கியதுதான் என் சொந்த விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கிரகம். சுரங்கம் தோண்டலாம், கப்பல் கட்டலாம், மந்திரிகளை நியமிக்கலாம், பக்கத்துக் கிரகத்தைப் பிடிக்கலாம். இந்த வகை விளையாட்டுகளுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. ஆரம்பத்திலேயே கூடுதலாக இரண்டு கிரகத்தை வளைத்துப் போட்டவன்தான் கடைசியில் ஜெயிப்பான். மற்றவர்கள் அதுவரை அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து திடீர் நிகழ்வுகள். சொல்லாமல் கொள்ளாமல் வால்நட்சத்திரம் வந்து மோதும், கொள்ளைநோய் பரவும், விண்கொள்ளையர் சூழ்ந்துகொள்வார்கள், சிலருக்குப் புதையலும் கிடைக்கும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். அதில் ஒரே ஒரு ஓரவஞ்சனை மட்டும் வைத்திருந்தேன். வரிசை எண் ஒன்றில் இருப்பவனுக்கு, அதாவது எல்லோரையும் விட ஓங்கி நிற்பவனுக்கு, இருப்பதிலேயே பெரிய ஆபத்து விழும்.

இந்த நிகழ்வுகளை எல்லாம் வேதாகமத் தமிழில் எழுதியிருந்தேன். பக்தி ஒன்றும் காரணமில்லை. பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் காதில் விழுந்த தமிழ் அது. ஒரு கிரகம் நாசமாய்ப் போவதைச் சொல்ல அதைவிடக் கம்பீரமான தமிழ் எனக்குத் தெரியாது. 'கிரகத்தில் பயிர்ச்சேதம்' என்று திரையில் போட்டால் கூட்டுறவு வங்கி அறிவிப்பு மாதிரி இருக்கிறது. 'உன் வயல்கள் விளைச்சலை மறந்துபோகும்' என்று போட்டுப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும்.

அந்த விளையாட்டை உலகத்திலேயே என்னைத் தவிர விளையாடியவள் ஷைனி ஒருத்திதான். ஞாயிறு பள்ளியில் ஒன்றாகப் படித்தவள், நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவள். அவளுக்கு என் திடீர் நிகழ்வுகளைக் கண்டாலே ஆகாது.

"இது கேமா, ஓணம் பம்பர் லாட்டரியா?" என்று போனில் கத்துவாள். "நான் மெனக்கெட்டு கப்பல் கப்பலா கெட்டி வச்சிருக்கேன். உனக்க வால்நட்சத்திரம் வந்து ஒரே இடியில எல்லாத்தையும் கொண்டு போவுது. பின்ன நான் எதுக்கு மக்கா யோசிச்சு விளையாடணும்?"

"அண்டம் அப்படித்தான்" என்பேன் நான், என்னவோ அண்டத்தை நானே டெண்டர் எடுத்தவன் மாதிரி. "என்ன வந்தாலும் தாங்குற மாதிரி ஆளணும். அதுதான் ராஜதந்திரம்."

அவளுடைய அப்பா ஞானசிகாமணி சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் சபையின் செயலர். எங்கள் ஊரில் எம்.எல்.ஏ. யார் என்று தெரியாதவன்கூட சபைச் செயலர் யார் என்பதைத் தூக்கத்தில் சொல்வான். கமிட்டித் தேர்தல் வந்தால் ஊரே இரண்டு அணியாகிவிடும். எத்தனை தேர்தல் வந்தாலும் சார்தான் ஜெயிப்பார். எதிரணித் தலைவர், ரப்பர் ஷீட் வியாபாரி தங்கையன் மாமா, எத்தனை தேர்தல் வந்தாலும் தோற்பார்.

ஷைனி எங்கள் விஷயத்தை வீட்டில் சொன்னபோது சார் கேட்ட முதல் கேள்வி, "அந்த ராக்கெட் விடுற பயலா?" என்பது. வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. "சபைக்கு உபயோகமா ஒரு காரியம் செய்து காட்டட்டும். பின்ன பேசலாம்" என்றார்.

இது போதாதா எனக்கு? புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனையின் முடிவில் குடும்பம் குடும்பமாக முன்னால் வந்து ஒரு பெட்டியில் கையை விட்டு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அட்டையில் ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு அதுதான். வரவேற்பறையில் ஒட்டி வைப்பார்கள். நான் சாரிடம் போய், "பெட்டி வேண்டாம் சார். ஒரு பொத்தான் வைப்போம். அமுக்கினால் குடும்பப் பேரோடு வசனம் பெரிய திரையில் வரும். சபையே பார்க்கும்" என்றேன். சாருக்குப் பெரிய திரை பிடித்திருந்தது. பொத்தானுக்குப் பக்கத்தில் அவர் நிற்கலாம் என்பது அதைவிடப் பிடித்திருந்தது.

வசனங்களைக் குலுக்கிப் போடப் புதிதாகப் புரோகிராம் எழுதவில்லை. விண்வெளி விளையாட்டிலிருந்த குலுக்கலையே வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். குலுக்குவது குலுக்குவதுதானே, இதில் பூமி என்ன, அண்டம் என்ன? சபைக் குடும்பங்களின் பெயர்களை ஏற்றினேன். எல்லாக் குடும்பத்துக்கும் போக மிச்சம் இருக்கும்படி வசனங்களை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

புத்தாண்டு காலை. சர்ச் நிறைந்து வாசலுக்கு வெளியே பந்தல்வரை ஆட்கள். நான் இசைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு, கடன் வாங்கிய கோட்டில் உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவில் ஷைனி. முதல் குடும்பம் பொத்தானை அமுக்கியது. திரையில் வசனம் பளிச்சென்று வந்தது. போதகர் உரக்க வாசித்தார், சபை 'ஆமென்' என்றது. சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. தெரியாதது என்ன, பிறந்ததிலிருந்து பார்த்தும் கவனிக்காத விஷயம். பெட்டியில் எடுக்கும் வசனம் கொஞ்சம் கண்டிப்பாக இருந்துவிட்டால் எங்கள் ஆட்கள் அதை நைசாக உள்ளே போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்வார்கள். ஆண்டவரும் கண்டுகொள்வதில்லை, போதகரும் கண்டுகொள்வதில்லை. போட்ட அட்டை மறுபடி அடுத்தவருக்கு ஆகும். என் புரோகிராமில் அந்த வழி கிடையாது. ஒரு முறை வந்த வசனம் போனது போனதுதான்.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த மேபல் அத்தை ஆரம்பித்து வைத்தார். "மக்கா, இது கொஞ்சம் கடுப்பமா இருக்கே. இன்னும் ஒண்ணு கூட அமுக்கட்டா?"

"அமுக்குங்க அத்தே" என்றேன், தாராளப் பிரபு.

அவ்வளவுதான். அடுத்தவர் இரண்டு அமுக்கினார். அதற்கடுத்தவர் துபாயில் இருக்கும் மருமகனுக்குத் தனியாக ஒன்று கேட்டார். பாகம் பிரித்து ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு வைத்திருந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொன்று அமுக்கினார்கள். ஒருவர் மாப்பிள்ளை அமையாத மகளுக்காக மாப்பிள்ளை பற்றிய வசனம் வரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைசிச் சில குடும்பங்கள் இருக்கும்போதே என் வசனங்கள் தீர்ந்துவிட்டன.

தீர்ந்தால் என்ன ஆகும்? விளையாட்டு பாதியில் நின்றுவிடக் கூடாதென்று, ஒரு தொகுப்பு தீர்ந்தால் அடுத்த தொகுப்பிலிருந்து எடுக்கும்படி எழுதியிருந்தேன். அடுத்த தொகுப்பு, என் திடீர் நிகழ்வுகள். அதை அங்கிருந்து நீக்க வேண்டும் என்ற எண்ணமே இந்த மேதைக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆட்டோ ஓட்டும் ரசல் அண்ணன் மனைவி மக்களோடு வந்து பொத்தானை அமுக்கினார். போதகர் திரையைப் பார்த்து, அதே கணீர்க் குரலில் வாசித்தார்:

"தூரத்து வணிகர் உன் துறைமுகத்தில் வந்திறங்குவார்கள், உன் கலங்களில் எரிபொருள் ஒருபோதும் குறைவுபடாது."

ரசல் அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கி, "ஆமென்!" என்று அலறினார். பெட்ரோல் விற்கும் விலைக்கு ஒரு ஆட்டோக்காரரிடம் ஆண்டவர் வேறென்ன சொல்ல முடியும்? சபையும் மனமுருகி 'ஆமென்' என்றது. நான் மட்டும் திரும்பிப் பாடகர் குழுவைப் பார்த்தேன். ஷைனியின் கண்கள் திரையில் குத்திட்டு நின்றன. அந்த வணிகர்கள் அவள் துறைமுகத்துக்கு எத்தனையோ தடவை வந்தவர்கள் ஆயிற்றே. 'நிறுத்து' என்று வாயசைத்தாள்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் ஷைனி எனக்கு இல்லை. இன்னும் மூன்றே குடும்பம்தான் பாக்கி. எல்லாம் நல்ல நிகழ்வாக விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் கரையேறிவிடலாம். ஆகவே நான் கண்ணை மூடி ஜெபித்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள், நானே எழுதிய குலுக்கலிடம் நானே மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஜெபம் கேட்கப்பட்டது. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு, "உன் வானத்தில் இரண்டாம் சூரியன் உதிக்கும், உன் குடிகள் பன்மடங்கு பெருகுவார்கள்" என்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா சொன்ன ஆமெனில் பெண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று.

அடுத்தது தங்கையன் மாமா. போதகர் வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். "உன் ஜனத்துக்கு மூன்றாம் கை முளைக்கும், உன் உற்பத்தி பெருகும்." சபையின் ஆமென் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. தங்கையன் மாமா தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கொள்ளாம், நல்லதுதான்" என்றபடி போய் உட்கார்ந்தார்.

கடைசியாகச் செயலர் குடும்பம். எல்லோரும் எடுத்த பிறகே தான் எடுப்பது என்பது சாரின் தாழ்மை. ஆனால் சபைப் பதிவேட்டில் அவர் குடும்பம்தான் வரிசை எண் ஒன்று. எண் ஒன்றுக்கு எது விழும் என்பதை நான் முன்பே சொல்லியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகம் வந்த நேரத்தில் சாரின் விரல் பொத்தானில் இருந்தது.

முதலில் சைரன் ஒலித்தது. சர்ச்சின் அத்தனை ஒலிபெருக்கியிலும், பந்தலிலும். திரை சிவப்பாகி மினுங்கியது. ஒரு ராக்கெட் வெடித்துச் சிதறியது. அதன் மேல் எழுத்துகள் வந்தன:

"உனக்கு விரோதமாகக் கிளர்ச்சி எழும்பும், உன் மந்திரிகள் உன்னை விட்டு ஓடிப்போவார்கள், உன் சிங்காசனம் கவிழ்ந்துபோகும்."

கமிட்டித் தேர்தல் அந்த மாதம்தான்.

போதகர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை, பந்தலில் நின்றவர்களுக்கே தெரிந்தது. சார் பாய்ந்து வந்து லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. சைரன் இன்னும் தெம்பாக ஒலித்தது. நான் பதறிப்போய்த் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புதிய ராக்கெட் வெடித்தது. ஒருவழியாக மூடியைச் சாத்தி அடக்கினேன். சைரன் நின்றதும் தங்கையன் மாமா எழுந்து நின்று, ஆயுசில் சொன்ன எல்லா ஆமெனையும் சேர்த்து வைத்த மாதிரி, "ஆமென்!" என்றார்.

சர்ச் குலுங்கிச் சிரித்தது. பாடகர் குழுவில் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கீபோர்டு மேலேயே சாய்ந்துவிட, அதுவும் தன் பங்குக்கு அலறியது.

போதகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மைக்கிலேயே கேட்டார். "ஜெபின் தம்பி, இது வேதத்தில் எந்த ஆகமம்?"

"ஐயா... அது... நான் எழுதினது."

"எல்லாமா?"

"இல்லீங்க ஐயா. கடைசி நாலு மட்டும்தான்."

அன்றைக்கு அம்மா என் முன்னால் சோற்றை வைத்தாள். "பெண்ணு கேக்கப் போறவங்க பலகாரம் கொண்டு போவாவ மக்கா. நீ மாமனாருக்கு ராக்கெட் விட்டிருக்கே" என்றாள்.

வீடியோ வாட்ஸ்அப்பில் குவைத்வரை போய்த் திரும்பி வந்தது. ஊரில் நிலவரம் மாறியது. அதுவரை சாரை எதிர்த்து வாய் திறக்காதவர்கள் எல்லாம் டீக்கடையில் 'கிளர்ச்சி' என்று பேசத் தொடங்கினார்கள். சாரின் அணியில் இருந்த இரண்டு கமிட்டி மெம்பர்கள் தங்கையன் மாமாவின் ரப்பர் ஷீட் கடையில் உட்கார்ந்து டீ குடித்ததாகத் தகவல் வந்தது. மந்திரிகள் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஓங்கி நிற்பவனை ஒரே இடியில் கீழே இறக்கும் என் மருந்து, விளையாட்டில் வேலை செய்ததைவிட சபையில் அபாரமாக வேலை செய்தது. இன்னொருவன் ஊரில் நடந்திருந்தால் நான் கட்டுரை எழுதியிருப்பேன். இங்கே எனக்குப் பெண்டாட்டி போய்க்கொண்டிருந்தாள்.

ஷைனியைப் போனில் பிடித்து, "உங்க அப்பாகிட்ட மன்னிப்பு கேக்க வரட்டா?" என்றேன்.

"நீ இந்தப் பக்கம் தலை காட்டிராத" என்றாள். "வெப்ராளப்படாம, பதறாம இரு. நான் ஒண்ணு செய்து பாக்கேன்."

அவள் செய்தது என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சார் தேர்தலுக்காக ஆவேசமாக ஒரு பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தாராம். இவள் போய் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா, சண்டை பிடிச்சா இந்தக் கிளர்ச்சி அடங்காது. இன்னும் பெருகும். தலைவன் ஆருன்னு பாத்து அவனையே கூப்பிட்டு மந்திரி ஆக்கிப்போடணும்."

"ஆரு சொன்னா உனக்கு?"

"ஆரு சொல்லணும்? கேமில நான் எத்தனை தடவ ஆக்கியிருக்கேன்."

தலைமையாசிரியராகவே வாழ்ந்த மனிதருக்கு மகள் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? ஆனாலும் மறுநாள் சாயங்காலம் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு, ஊர் பார்க்க, தங்கையன் மாமாவின் கடைக்கு நடந்தே போனார்.

"தங்கையா, இந்தத் தடவை நீ செயலரா நில்லு. நான் உனக்கு வழிவிடுதேன்."

ஆயுசு முழுக்கச் சண்டைக்குத் தயாராக இருந்த மனிதருக்கு இந்த அடியைத் தடுக்கத் தெரியவில்லை. முந்திரிக்கொத்து ஒன்றை எடுத்துக் கடித்தாராம். "சார், எனக்குக் கணக்கு வரும், எழுத்து வராது. மைக்கைக் கண்டா கால் விறைக்கும். செயலரா நீங்களே இரிங்க. எனக்குப் பொருளர் போதும். இத்தனை வருசமா அதைத்தான் கேக்கேன், ஆரும் காது குடுக்கல்ல."

அந்தத் தேர்தலில் போட்டியே இல்லை. எங்கள் சபையில் அடிதடி, போலீஸ், வக்கீல் நோட்டீஸ் எதுவுமின்றி ஒரு தேர்தல் டீயும் வடையுமாக முடிந்தது அதுதான் முதல் தடவை. சிங்காசனம் கவிழவில்லை, இரண்டு பேர் உட்காரும்படி கொஞ்சம் அகலமாயிற்று.

அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. போனால் சாருக்குப் பக்கத்தில் தங்கையன் மாமாவும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"லே, கிளர்ச்சி வந்தா தலைவனை மந்திரி ஆக்கணும்னு விளையாட்டில வச்சது நீயா?" என்று சார் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஷைனி கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. "இல்ல சார். நான் சண்டை போடத்தான் வச்சேன். மந்திரி ஆக்கினா கிளர்ச்சி அடங்கும்னு கண்டுபிடிச்சது ஷைனி."

சாரின் முகத்தில் பெருமை பொங்கியது. மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. "அப்போ ஆபத்து உனக்கது. மூளை எனக்க மகளுக்கது."

"ஆமா சார்."

"ரெண்டும் ஒரே வீட்டில கிடக்கட்டும். அதுதான் ஊருக்கு நல்லது."

"ஆமென்" என்றார் தங்கையன் மாமா.

நான் ஜெயித்துவிட்டேன்! ஒரு கப்பல்கூடக் கட்டாமல், ஒரு கிரகத்தைக்கூடப் பிடிக்காமல், என் சொந்த முட்டாள்தனம் ஒன்றையே முதலாகப் போட்டு ஜெயித்தேன். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க ரப்பர் மரங்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே போனதாக அம்மா இன்றும் சொல்கிறாள். கல்யாண ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதற்கு முன் போதகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது வேதத்தில் உள்ளதுதான், நான் சரிபார்த்துவிட்டேன்" என்றார். சபை சிரித்து முடிக்க நேரமாயிற்று. அன்று முதல் நான் எந்த வீட்டில் எதை வாசித்தாலும், அது கேஸ் பில்லாக இருந்தாலும் சரி, எவராவது "எந்த ஆகமம்?" என்று கேட்காமல் விடுவதில்லை.

எங்கள் வீட்டில் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆபத்து வந்ததால்தான் கல்யாணம் நடந்தது என்பேன் நான். வந்த ஆபத்தைச் சமாளிக்க ஆள் இருந்ததால் நடந்தது என்பாள் அவள். திடீர் நிகழ்வுகளை அணைத்துவைக்க விளையாட்டில் ஒரு சுவிட்ச் போடச் சொல்லிச் சண்டை பிடித்தாள். போட்டுக் கொடுத்தேன். அதை அவள் இதுவரை அணைத்ததில்லை.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ரசல் அண்ணன் அந்த எரிபொருள் வாக்கை ஆட்டோவின் பின்புறத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். போன வாரம் அருமனை ஸ்டாண்டில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணா, அது வசனம் இல்ல. நான் கேமுக்கு எழுதினது. அழிச்சிடுங்க."

"தெரியும் மக்கா, அண்ணைக்கே சர்ச்சில சொன்னியே" என்றார் சாவகாசமாக. "ஆனா அதுக்குப் பிறவு இந்த வண்டி எண்ணை இல்லாம நடுவழியில ஒரு தடவ நிண்ணிருக்கா? இல்ல. பின்ன எதுக்கு அழிக்கணும்? கீழ வசன எண்ணு போடுற எடம் மட்டும்தான் வெறுமென கிடந்துது. பெயிண்டர் பய எந்த ஆகமம்னு கேட்டான். இப்பதான் அதையும் எழுதியாச்சு. வந்து பாரு."

பின்னால் போய்ப் பார்த்தேன். வாக்கியத்துக்குக் கீழே, வலது ஓரத்தில், பெயிண்ட் இன்னும் காயாமல், கொட்டை எழுத்தில் இருந்தது: ஜெபின் 1:1.